முகில்மலைக் கேழ்வரகை எரித்தவனுக்கு

மழை பிழையாது பொழிக! உழவர் குடி தளராது வாழ்க! ஏழாற்றுக்கும் முகில்மலைக்கும் உரியவளாய் மருதவேலி நாட்டு அரியணையில் வீற்றிருக்கும் எழினிநங்கைத் தேவியாகிய யாம், கீழ்க்கழனி மண்டலம் காக்கும் எம் இளவல் மாறங்காரிக்கு விடுக்கும் ஓலை. உன் மண்டலத்து மக்களும் மாடுகளும் நலமுறுக. உன் நலத்தை யாம் வினவவில்லை.

இப்பருவத்தில் உன் நெல்வயல்களைக் குலைநோய் பற்றியது. கதிரின் கழுத்து கருத்து ஒடிந்து, மணி இருக்கவேண்டிய இடத்தில் பதரே எஞ்சியது. மலைமக்களின் கேழ்வரகிலும் அதே கருமையைக் கண்ட நீ, அங்கிருந்தே பூசணம் காற்றில் இறங்கிற்றென்று முடிவுகட்டி, மலைப்பயிரை எரிக்க எம் இசைவு கேட்டாய். யாம் சோதித்தறியும்வரை பொறுக்குமாறு ஆணையிட்டோம்.

அரண்மனைத் தோட்டத்தில் நெல்லும் கேழ்வரகும் அருகருகே வளர்ந்த பாத்தியில், நோயுற்ற மலைக்கதிர்களை உதறச் செய்தோம். கேழ்வரகு கருகிற்று, நெல் பச்சை மாறவில்லை. வேறொரு பாத்தியில் உன் வயலின் வைக்கோலைப் பரப்பினோம்; நெல் கருகிற்று, கேழ்வரகு தலைநிமிர்ந்து நின்றது. பார்வைக்கு ஒன்றேபோலிருப்பினும், ஒன்றின் பயிரை மற்றது தீண்டாத இருவேறு நோய்கள் அவை.

இச்செய்தியோடு எம் தூதன் உன் வாயிலை அடையுமுன் நீ மலைக்குத் தீயிட்டுவிட்டாய். விதைக்கதிரை மீட்க ஓடிய பூதன் என்பான் அத்தீயில் மாண்டான். அவன் மனைவி கொற்றி எம் அவையில் நின்று உரைத்ததை, அவள் உரைத்தவாறே எழுதுகிறோம்: “சீக்கு பாதிப் பயிரத் தின்னுச்சு, தாயி. மிச்சத்த உங்க தம்பி எரிச்சாரு. எம் புருசன் என்ன சீக்குல போனான்னு நான் ஊருக்குச் சொல்லட்டும்?”

அக்கேள்வியை உனக்கே அனுப்புகிறோம், மாறங்காரி!

எரிக்க வேண்டியிருந்தது உன் களத்தில் கிடந்த, சென்ற பருவத்து நோய் படிந்த பழைய வைக்கோலை. அதை எரிக்குமாறு முன்னமே ஆணையிட்டும், உன் குதிரைகளுக்குப் படுக்கையாக்கி, பின் எருவென்று வயலில் இட்டாய். உன் வயலைக் கெடுத்தவன் நீ. தண்டனை பெற்றவர் மலைமக்கள்!

ஆகவே, இவ்வோலை கண்டவுடன் முத்திரை மோதிரத்தைத் தூதனிடம் கழற்றிக் கொடுப்பாயாக. உன் களஞ்சியத்து நெல்லெல்லாம் மலையேறுக. நீயும் வாளின்றி ஏறி, மலையூர் மன்றத்தின்முன் நிற்பாயாக. பூதனின் சாவுக்கு அவர்கள் உரைப்பதே தீர்ப்பு. அதை மாற்றக் கோரி அரசிக்கும் எழுதாதே, அக்காளுக்கும் எழுதாதே.

வரையாட்டு முத்திரை பொறித்தோம். எழுத்தரிடம் இதைச் சொல்ல நாணி, எம் கையாலேயே எழுதினோம்.