இல. 7, மேட்டு லயம்

காலையில் கதவைத் திறந்ததும் சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியது. யாரோ பெரிய ஆட்கள் தோட்டத்தைப் பார்க்க வருகிறார்களாம், லயத்து வரிசை வீடுகளுக்கு வெள்ளை அடிக்கிறார்கள். பத்துக் காம்பராவுக்கும் ஒரே பூச்சு. உன் வீட்டுக் கதவோரம் நீ சிவப்பில் எழுதிய ஏழும் அதற்குள் போய்விட்டது. நீ போய் இரண்டு வருடமாகிறது. இந்த ஆத்திரத்தை உன்னிடம் கொட்டாமல் வேறு யாரிடமடி கொட்டுவேன்?

அந்த ஏழு வந்த கதை நம் இருவருக்கும்தான் முழுதாகத் தெரியும். கம்பஸில் படிக்கச் சேர நேர்முகத்துக்கு உன்னைக் கூப்பிட்ட கடிதம் தோட்டத்து ஆபிசில் மூன்று வாரம் கிடந்தது. லயத்துக்கு விலாசம் கிடையாது, எல்லார் கடிதமும் ஆபிசுக்குத்தான் போகும். கிளாக்கர் நினைத்தபோது கொடுப்பார். உன் கைக்கு வந்தபோது நேர்முகம் முடிந்து ஐந்து நாள். நீ அழுவாய் என்று நினைத்து வந்தேன். நீயோ வாசலில் நின்று கத்தினாய்: "ரப்பர் மலைக்கு நம்பர் இருக்கு, மாட்டுக் காதுலயும் நம்பர் இருக்கு. மனுசன் இருக்கிற வீட்டுக்கு மட்டும் இல்லியா?"

பிறகு உதவித்தொகை கிடைத்து நாம் இருவரும் மலேசியாவுக்குப் படிக்கப் புறப்பட்டோம். புறப்படுவதற்கு முதல் நாள், ரப்பர் மரத்துக்கு அடையாளம் போடும் பெயின்ட்டைக் கொஞ்சம் வாங்கி வந்து, லயத்தின் கோடியிலிருந்து எண்ணி, உன் கதவோரம் ஏழு என்று எழுதினாய். அடுத்த வீடு என்னுடையது. "ஒனக்கும் எட்டு போடவா?" என்றாய். வேண்டாம் என்றேன். பயம்தான், வேறென்ன.

அங்கே போய் முதல் நாளே விலாசக் கேள்வி வந்து நின்றது. பதிவுப் பாரத்தில் பெல்மதுளை மாமா கடை விலாசத்தை எழுதினேன். கடை என்றால் கௌரவம், லயம் என்றால் கேள்வி. நீ எட்டிப் பார்த்துச் சிரித்தாய். "நீ என்ன சாமானாடி, கடையில இருக்க?" என் முகம் சுண்டிப் போனது. உன் பாரத்தில் ஏழாம் நம்பரை அழுத்தி எழுதினாய்.

ஒரே அறையில் ஐந்து பெண்கள், ஒரு ரைஸ் குக்கர், மேலே காயும் துணியிலிருந்து சொட்டும் தண்ணீர். வெள்ளிக்கிழமை இரவு நீ ரொட்டி தட்டுவாய், நான் கட்டச்சம்பல் இடிப்பேன். சனிக்கிழமை பஸ். மலாக்கா, பினாங்கு, ஈப்போ என்று கிடைத்த இடத்துக்கெல்லாம் ஓடினோம். கேமரன் மலையில் எல்லாரும் தேயிலைக்கு நடுவே நின்று படம் எடுக்க, நீ வாயில் கைவைத்தாய்: "இதப் பாக்கவாடி நாலு மணி நேரம் பஸ்ல வந்தோம்? கதவத் தொறந்தா ஒரு பக்கம் ரப்பர், ஒரு பக்கம் இதானே!" திரும்பிப் பார்க்காமல் தபாலகம் தேடப் போனாய்.

எந்த ஊருக்குப் போனாலும் உனக்கு முதல் வேலை அதுதான். ஒரு பட அட்டை, ஒரு முத்திரை, அம்மா பெயர், ஏழாம் நம்பர். ஈப்போவில் தபால் பெட்டி தேடித் தேடி பஸ்ஸையே விட்டோம். நிலையத்தில் ஆறிப்போன நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உன்னைக் கிழி கிழி என்று கிழித்தேன். "வாட்ஸப்புல போட்டோ போட்டா ஒரு நொடி. எதுக்குடி இந்தக் கூத்து?"

"போட்டோ போனுக்குத்தான் போகும். அட்டை வீட்டுக்குப் போகணும்."

அட்டைகளோ வழக்கம்போல ஆபிசுக்குத்தான் போயின. உன் அம்மா ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து ஆபிஸ் வாசலில் நிற்கத் தயாராக இருந்தார். நீ விடவில்லை. "ஆபிசுல போய் வாங்காதீங்கம்மா. வாசலுக்கு வந்தா மட்டும் வாங்குங்க." அந்த மனுசியும் உன் பிடிவாதத்துக்குக் குறைந்தவரா? கிளாக்கர் ஆள் அனுப்பியும் போகவில்லை. பதினோரு அட்டை அவர் மேசையில் குவிந்தது. கடைசியில் அவரே தபால்காரரிடம், "என்னால முடியாது, நீயே கொண்டு போய்க் குடு" என்று தள்ளிவிட்டார்.

அன்று உன் அம்மா வீடியோவில் வந்தது நினைவிருக்கிறதா? மூச்சு வாங்க, சிரிப்பும் அழுகையுமாக. "பாப்பா, தபால் மாத்தையா மேட்ட ஏறி வந்து ஏழாம் நம்பர் எதுன்னு கேட்டாருடி! நாந்தாய்யா ஏழுன்னு சொன்னேன்!" நாம் இருவரும் கட்டிலில் ஏறிக் குதித்தோம். கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

படிப்பை முடித்துத் திரும்பிய நான்காம் மாதம் டெங்கு உன்னைக் கொண்டுபோயிற்று. அதற்கு ஆறுதல் கிடையாது. தேடவும் மாட்டேன்.

இன்று வெள்ளையடிக்க வைத்தவரிடம் போய்க் கேட்டேன். "ஆபிஸ் புத்தகத்துல அப்படி ஒரு நம்பர் இல்ல தங்கச்சி" என்றார். "புத்தகத்துல இல்லாட்டி என்ன, தபால்காரர் மண்டையில இருக்கு. மலேசியாவுலருந்து அட்டையெல்லாம் அந்த நம்பருக்குத்தான் வந்துச்சு" என்றேன். அதே சிவப்புப் பெயின்ட்டை வாங்கி, ஈரச் சுண்ணாம்பு மேலேயே ஏழு என்று எழுதினேன். கொஞ்சம் வழிந்தது. உன் அம்மா பக்கத்தில் நின்று, "அவ எழுதினது இத விடப் பெருசு" என்றார். அழித்து, பெரிதாக எழுதினேன். நாளை மறுபடி பூசினால் நாளை மறுபடி எழுதுவேன். பெயின்ட் தீர்ந்தால் கரியால் எழுதுவேன்.

இந்த மடலைக் குருவிட்ட தபாலகத்தில் பதிவுத் தபாலாகப் போடப் போகிறேன். உன் பெயருக்கு, ஏழாம் நம்பருக்கு. மேட்டை ஏறி வரட்டும், உன் அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கட்டும்.

உறையின் பின்பக்கம் அனுப்புகிறவர் விலாசம் எழுதும்போது, கை பழக்கத்தில் மாமா கடைப் பெயரில் போய் நின்றது. நீ சிரிப்பது கேட்டது. உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு, மிச்சப் பெயின்ட்டோடு எழுந்து போய் என் கதவோரம் எழுதிவிட்டு வந்தேன். விரல் இன்னும் சிவப்பாக இருக்கிறது, புது உறையிலும் ஒட்டிவிட்டது. அனுப்புவது நான்தான்: இல. 8, மேட்டு லயம்.