இரட்டைப் பின்னல் படம்

ரீச்சர்,

இன்று காலை வகுப்பு அலுமாரியைத் திறந்தேன், குப்பென்று உங்கள் தைல வாசம். கதவுக்குப் பின்னால் உங்கள் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை இன்னும் தொங்குகிறது. லண்டன் கிங்ஸ்பரியில் விடாத மழை. மண்டபத்து ஹீட்டர் வழமைபோல மக்கர் பண்ணுகிறது, பிள்ளைகள் ஜாக்கெட்டைக் கழற்றாமலே எழுதுகிறார்கள். உங்கள் வகுப்பையும் இப்போது நான்தான் பார்க்கிறேன்.

இடைவேளையில் பள்ளி அதிபர் வந்தார். "பிள்ளை, ரீச்சரின்ர முகநூல் கணக்கை மூடிவிடுவமே? ஆள் போனபிறகும் அந்தப் படம் கிடக்குது. ஆக்கள் என்ன நினைப்பினம்?" என்றார். எனக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்தக் கணக்கைத் திறந்த நாள் நினைவிருக்கிறதா? சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்கள், ஆசிரியர்கள் எல்லாரும் முகநூலுக்கு வந்து வகுப்புப் படங்களைப் போடவேண்டும் என்று முடிவெடுத்து, சொல்லிக்கொடுக்கும் வேலையை அதிபர் என் தலையில் கட்டினார். கம்பியூட்டர் வேலை செய்கிறவள் என்ற ஒரே குற்றத்துக்காக! ரோல்ஸும் தேத்தண்ணியுமாக எல்லாரும் சுற்றி இருந்து, போனைத் தள்ளிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினார்கள். பிறந்த திகதி கேட்ட இடத்தில் மண்டபமே நின்றுவிட்டது.

"உண்மையானதோ, பாஸ்போட்டில இருக்கிறதோ?" என்று கணக்கு வாத்தியார் கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. கள்ளப் பாஸ்போட்டில் ஏஜென்சிக்காரன் தந்த திகதியோடு வந்து இறங்கியவர்கள்தானே பாதிப்பேர். முழுப்பேர் போடப் பயம், முகத்தைக் காட்ட அதைவிடப் பயம். ஒருவர் ரோஜாப்பூவைப் போட்டார், இன்னொருவர் பிள்ளையாரைப் போட்டார்.

நீங்கள் மட்டும் உண்மையான திகதியைப் போட்டீர்கள். முழுப்பேரைப் போட்டு, அதற்குப் பக்கத்தில் வீட்டில் கூப்பிடும் பேரையும் போடச் சொன்னீர்கள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்து, "இதை ஏத்து பிள்ளை" என்றீர்கள். இரட்டைப் பின்னல், பாவாடை தாவணி, இருபது வயது இருக்கும். "ரீச்சர், இப்பத்தையான் படத்தைப் போடுங்கோ, பெற்றோருக்கு அடையாளம் தெரிய வேணுமெல்லோ" என்று நான் மன்றாடிப் பார்த்தேன். "மாப்பிள்ளை பாக்கிறியளோ?" என்றார் கணக்கு வாத்தியார். மண்டபம் கொல்லென்று சிரித்தது, நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள்.

பஸ் தரிப்பிடத்தில்தான் எனக்குச் சொன்னீர்கள். "சண்டையில இடம்பெயரேக்க தம்பி சைக்கிளில முன்னுக்குப் போனவன். பிறகு காணேல்லை. அவன் கடைசியாக் கண்ட முகம் அதுதான். இந்தக் கிழவியை அவனுக்குத் தெரியாது, பிள்ளை."

"பேரையும் படத்தையும் போடப் பயமில்லையா?" என்று கேட்டேன்.

"ஒளிச்சிருந்தா அவன் என்னை எங்கயெண்டு தேடுவான்?"



மற்றவர்களின் கணக்குகள் கொஞ்சநாளில் தூங்கிவிட்டன. உங்களுடையது மட்டும் உயிரோடு இருந்தது. யாரோ விசரன் "ஹாய்" என்று அனுப்பினாலும் விடமாட்டீர்கள். அவன் படத்தைப் பெரிதாக்கி, இடது புருவத்தில் தம்பியின் தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். "இவனில்லை" என்று போனை மடியில் வைத்துவிட்டு வகுப்புக்குத் திரும்புவீர்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கண்டபோது, மூச்சுவிடவே கஷ்டப்பட்டுக்கொண்டு கடவுச்சொல்லைச் சொன்னீர்கள். "மூடிப்போடாதை. இடைக்கிடை பார்."

பார்க்கிறேன், ரீச்சர். வகுப்பு முடிந்து கதிரைகளை அடுக்கியபின், உங்கள் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு திறந்து பார்க்கிறேன். நானும் இப்போது புருவங்களைப் பெரிதாக்கிப் பார்க்கப் பழகிவிட்டேன். அதிபரிடம், "மூட ஏலாது சேர், அது பள்ளிக்கூடத்தின்ர கணக்கில்லை" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் கோணிப் போனார், போகட்டும்.

எனக்கு வேறொரு பயம்தான். ஒருநாள் தழும்போடு ஒரு முகம் வந்து, அந்த இரட்டைப் பின்னலைப் பார்த்து, "அக்கா, நீயா?" என்று கேட்டால் நான் என்ன எழுதுவேன்?