தப்பாக நினைத்துக்கொள்ளாதே

இராயபுரம்,
தை மாதம், 1953

அன்புள்ள அம்மாவுக்கு மகன் சுப்புராயன் கும்பிட்டு எழுதுவது. உன் முழங்கால் வலி எப்படியிருக்கிறது? எனக்குச் சுகம்தான்.

இந்த ஊரில் ஒரு பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பக்கத்து அறை கருணாகரன், "தப்பா நென்ச்சுக்காத மாமு, உன் வேட்டியக் கட்டிக்கினு சினிமாவுக்குப் போய்ட்டேன்" என்கிறான். வேட்டி ஆணியில் மாட்டி முழ நீளம் கிழிந்து கிடக்கிறது. போன வாரம் துறைமுகத்தில் பெட்டி இறக்கும்போது ஒன்று என் காலில் விழுந்தது. நழுவவிட்ட ஆளும் அதையேதான் சொன்னான். பயப்படாதே, கட்டைவிரல் நகம் மட்டும்தான் போயிற்று. செய்வதையெல்லாம் செய்து முடித்துவிட்டு, நான் என்ன நினைக்க வேண்டும் என்றும் இவர்களே சொன்னால் எரிச்சல் வராதா?

நேற்று உன் கடிதம் வந்தது. நீ சொல்லச் சொல்லத் தம்பி எழுதியிருக்கிறான். "தப்பாக நினைத்துக்கொள்ளாதே. மாமன் மகள் மங்கையை உனக்கென்றுதான் பேசியிருந்தோம். நீ தூரத்தில் இருக்கிறாய். ஊரோடு இருக்கிற தம்பிக்கே நிச்சயம் செய்துவிட்டோம்."

சரி. இங்கே எனக்கு மாற்று வேட்டி இல்லை. கல்யாண ஜவுளி எடுக்கும்போது எனக்கும் ஒரு நாலு முழ வேட்டி எடுத்து, யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்பு. கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாயும்.

சங்கு ஊதிவிட்டது, வேலைக்குப் போக வேண்டும். இதை உனக்கு வாசித்துக் காட்டப்போவதும் தம்பிதான். கடைசி வரியை விழுங்காமல் வாசிக்கச் சொல்.

தப்பாக நினைத்துக்கொள்ளாதே அம்மா, கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன்.

சுப்புராயன்