இரண்டரை ரூபாய்த் துவரம்பருப்பு

என் சரோஜாவுக்கு,

உஷாவுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பையன் பாலக்காட்டுக்காரன், பள்ளிக்கூட வாத்தியார். நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து உன் பெண்ணின் கல்யாணச் சேதியை நான் உனக்கு எழுத வேண்டியிருக்கிறது. மளிகைச் சாமான் வாங்கும் பொறுப்பை உன் வீட்டுக்காரர் என்னிடம் கொடுத்திருக்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கொச்சி மட்டாஞ்சேரியில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் பதினைந்து வருஷம் இருந்தோம். அத்தனை வருஷமும் எனக்கு உன்மேல் பொறாமை. உனக்கு அது தெரிந்திருந்ததா?

நான் திருநெல்வேலியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். மலையாளம் காதில் ஏறும், வாயில் வராது. கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். நீயோ பாலஸ் ரோட்டில் நாலு கடை, பஜார் ரோட்டில் நாலு கடை என்று ஏறி இறங்குவாய். "அங்கே இதைவிடக் குறைவாணல்லோ சேட்டா" என்று சிரித்துக்கொண்டே நிற்பாய். நான் காலையில் புளி வாங்கிய கடையில் சாயங்காலம் உனக்கு எட்டணா குறைந்திருக்கும்.

பிறகு வேலியோரம் வந்து, "நீங்க என்ன விலைக்கு வாங்கினேள் அக்கா?" என்பாய். குத்திக்காட்டுவதற்காக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாய். அதுதான் எனக்கு இன்னும் எரியும். கொடுத்ததில் நாலணா குறைத்துச் சொல்வேன். உன் விலை அதற்கும் கீழே இருக்கும்.

எழுபத்தைந்தாம் வருஷ மழைக்காலம். மத்தியானம் சாதத்தைப் பிசைந்துகொண்டே என் வீட்டுக்காரர் சொன்னார்: "பருப்பு மூன்றே முக்காலா? இனிமே பையை சரோஜாகிட்டயே கொடுத்துவிடேன்." அவருக்கு அது வெறும் பேச்சு. எனக்கு அப்படி இல்லை.

அன்று சாயங்காலம் நீ வேலியோரம் வந்தபோது, கேட்காமலே சொன்னேன்: "எர்ணாகுளம் மார்க்கெட்ல துவரம்பருப்பு கிலோ ரெண்டரைதான் சரோஜா. போன வாரம் கோயிலுக்குப் போனப்போ வாங்கினேன்." கோயிலுக்கும் போகவில்லை, பருப்பும் வாங்கவில்லை. எந்தக் கடை என்று கேட்டாய். கால்வாய்க் கரையோரம், பேர் ஞாபகமில்லை என்றேன்.

"நாளைக்கே போட்ல போயிட்டு வரேன் அக்கா. ரெண்டாத்துக்கும் சேர்த்து வாங்கிண்டு வரேன், கேட்டேளா."

மறுநாள் காலையிலிருந்தே மழை. நீ குடையும் பையுமாகப் படகுத்துறைக்கு நடப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். ஒரே ஒரு நாள் நீ வெறும் பையோடு திரும்புவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

மூன்று மணிக்கு வந்தாய். முழங்கால்வரை புடவை நனைந்திருந்தது. இரண்டு பையிலும் பருப்பு. "நீங்க சொன்னது சரிதான் அக்கா. ரெண்டரைதான்."

அப்படி ஒரு விலை எங்கேயும் கிடையாது என்று எனக்குத் தெரியும். உன் கைக்காசைப் போட்டு, தோற்கவில்லை என்று காட்டுகிறாய் என்று நினைத்தேன். என் பொய்யைக்கூட விலைக்கு வாங்கி வந்துவிட்டாளே என்று மனசு கொதித்தது. அதற்குப் பிறகும் மாதாமாதம் போய் வந்தாய். இங்கே விற்பதைவிடக் குறைவாகவே எனக்கும் வாங்கி வந்தாய். நான் ஒரு தடவைகூட உன்னோடு வரவில்லை. எந்தக் கடை என்றும் கேட்கவில்லை.

போன புதன்கிழமை கல்யாணப் பட்டியலை எடுத்துக்கொண்டு அந்த மார்க்கெட்டுக்குப் போனேன். எட்டுக் கடை விசாரித்தேன். கால்வாய்க் கரையில் கடைசிக் கடை. நரைத்த தாடிக்காரர் ஒருவர், என் தமிழைக் கேட்டதும், "மட்டாஞ்சேரியோ?" என்றார். "அங்கேயிருந்து ஒரு தமிழ் சேச்சி மாசாமாசம் வரும். ரெண்டு வருஷமாயி காணலை."

மஞ்சள்காமாலையில் போய்விட்டாள் என்றேன். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"முதல்ல வந்தது ஒரு மழை நாளு," என்றார். "இந்த வரிசையில எல்லாக் கடையும் ஏறி, கடைசியா இங்கே வந்தது. ரெண்டரைக்குப் பருப்பு வேணுமாம். நான் வாங்கினதே மூணு ரூபாய்க்கு, போ மோளேன்னு சொன்னேன். போகலை. 'எங்க அக்கா பொய் சொல்ல மாட்டா. மத்த கடையெல்லாம் கேட்டாச்சு. அப்போ உங்க கடைதான்'னு நனைஞ்சுக்கிட்டே நின்னது. அந்த நிற்பைப் பார்த்து நஷ்டத்துக்குக் கொடுத்தேன். பிறகு எப்பவும் இங்கேதான்."

மூட்டையை நகர்த்திக்கொண்டே கேட்டார்: "அந்த அக்காவை நிங்ஙளுக்கு அறியாமோ?"

தெரியாது என்றேன்.

பருப்பு வாங்காமலே படகேறிவிட்டேன். வழியெல்லாம் உன்மேல் பொறாமைதான். பேரம் பேசும் சாமர்த்தியத்துக்காக இல்லை. ஒருத்தியை அப்படி நம்ப உன்னால் முடிந்ததே, அதற்காக. நீ நம்பின அந்த அக்காமேலும் பொறாமையாக இருந்தது. அவளாக நான் ஒரு நாளாவது இருந்திருக்கக் கூடாதா?

திங்கட்கிழமை மறுபடியும் போகிறேன், சரோஜா. அந்த அக்கா நான்தான், சொன்னது பொய்தான் என்று அவரிடம் சொல்வேன். அதைக் கேட்ட பிறகு அவர் எனக்கு என்ன விலை சொல்கிறாரோ அந்த விலைக்கே உஷா கல்யாணத்துக்குப் பருப்பு வாங்குவேன். வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் அந்த விலையையே சொல்வேன்.

உன் அடுத்த வீட்டு அக்கா,
மங்களம்