வாசற்படியில் எரிந்த விளக்கு

கலஹா
ஆனி 14

அன்பு மகன் பிரதீஸுக்கு,

கதிர்காமக் கந்தன் தயவில் அப்பாவும் நானும் சுகம், உன் சுகத்தைத் தினமும் அவனிடந்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கட்டார் நாட்டு வெயிலில் தலையில் துணி கட்டாமல் வேலைக்கு இறங்காதே. அப்பாவுக்குச் சீனி குறைந்திருக்கிறது என்று பேராதனை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். போனில் சொன்னால் அழுகையிலேயே முடிந்துவிடும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உன் அண்ணன் மோகனராஜ் போன மீன்பிடிப் படகு திரும்பாமல் இந்த ஆனியோடு இரண்டு வருஷம். உடம்பைக் கண்ணால் காணாமல் கருமாதி செய்ய விடமாட்டேன் என்று அப்பாவோடும் உன்னோடும் சண்டை பிடித்தேன், அவன் வழி தெரிந்து வரட்டும் என்று பொழுதுசாய வாசற்படியில் விளக்கேற்றினேன். உங்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு. மழையே இல்லாத காலைகளில் அந்தப் படி நனைந்திருக்கும், தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். கலண்டரில் புள்ளி வைத்து வந்தேன், பத்தொன்பது நாள். பிள்ளை வருகிறான் என்று சந்தோஷப்பட்டேனப்பா.

போன கிழமை அவன் கடைசியாகப் புறப்பட்ட தெவுந்தரக் கடற்கரைக்குப் போனோம். அங்கே வெள்ளைக்காரன் காலத்தில் கப்பல்களுக்காகக் கட்டிய வெளிச்சவீடு, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். பக்கத்துத் தேத்தண்ணிக் கடை அஸ்ஃபர் முன்பு படகில் போனவராம், தமிழில் பேசினார். இந்த வெளிச்சம் எத்தனை பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கும் என்றேன். சிரித்துவிட்டார். "கூப்பிடுற லைட் இல்லம்மா இது. மின்னுற கணக்கப் பாத்து எந்த எடம்டு தெரிஞ்சுக்கணும், கடலுக்குள்ள பாறக் கல்லு ஈக்கி, கிட்ட வராத, தள்ளிப் போண்டு சொல்ற லைட். இத நம்பி நேரா வந்தா படகு தூள் தூளாப் பெய்த்திரும்" என்றார். குடித்த தேத்தண்ணியைப் பாதியில் கீழே வைத்துவிட்டேன். மேலுலகம் போக வேண்டிய பிள்ளையை இரண்டு வருஷமாக இந்த வாசலில் கொண்டுவந்து மோதவைத்தது என் விளக்குத்தானே.

வீடு வந்த அன்று விளக்கைச் சாமிப் படத்தடியில் வைத்துக் கதவைச் சாத்தினேன். ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது தாழ்ப்பாள் மெல்ல ஆடியது. காற்றே இல்லை. "தெறக்காத, அன்னம்" என்றார் அப்பா. திறக்கவில்லை. நேற்றும் ஆடியது. பெற்றவள் எத்தனை நாளைக்குத் திறக்காமல் இருப்பேன்? அன்றைக்கு உன்னை ஏசிப் போனை வைத்ததை மனதில் வைக்காதே. ஆடி அமாவாசைக்கு முன் லீவு கேட்டு வா. தம்பி நீதான் கருமாதி செய்ய வேண்டும், மகாவலி ஆற்றங்கரையில் நின்று அவனைத் தள்ளிப் போகச் சொல்லுவோம்.

நீ வைக்கும் அடி ஒவ்வொன்றுக்கும் முருகன் காவல் நிற்கட்டும். ஒன்றை மட்டும் மறவாதே. வந்ததும் கதவைத் தட்டாதே, உன் பேரைச் சொல்லிக் கூப்பிடு.

உன்னைப் பெற்ற அம்மா
அன்னலட்சுமி