ஏழு ஊர்களுக்கும் ஒரே அட்டவணை

நவ. 10, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். அவிநாசி ரோட்டில் பஸ் ஊர்ந்தது. இன்று: பேக்கப் சரிபார்க்க, குடைக் கம்பி மாற்ற, மாவு வாங்க.

மூன்றும் நடக்கவில்லை. 9.20-க்கு, எங்கள் சாஃப்ட்வேர் ஓடும் வெள்ளகோவில் டயாலிசிஸ் மையத்திலிருந்து போன். சிஸ்டர் வளர்மதி. குரலில் பதற்றமே இல்லை.

"ஏனுங்க பர்வீன் மேடம், மரகதம் அம்மாவுக்கு நாப்பத்தாறு புள்ளி நாலுன்னு போட்டு சேவ் பண்றேனுங்க. திருப்பித் தொறந்தா வெறும் நாப்பத்தாறுன்னு காட்டுதுங்க. மத்தவங்களுக்கும் புள்ளியைக் காணோமுங்க."

அது ட்ரை வெயிட். உடம்பில் தேங்கிய நீரை எடுத்து முடித்ததும் நோயாளி இருக்க வேண்டிய எடை. மிஷின் எவ்வளவு நீரை எடுக்க வேண்டும் என்பது அந்த எண்ணைப் பொறுத்தது. 400 கிராம் குறைத்துப் பதிந்தால் 400 மில்லி கூடுதலாக எடுத்துவிடும். மெலிந்த ஆள் என்றால் பி.பி. விழும், கால் இழுக்கும்.

விழவில்லை. மிஷினில் போடும் முன்பே சிஸ்டர் பார்த்துவிட்டார். எதைச் சேமித்தாலும் ஒருமுறை திறந்து படிப்பது அவர் வழக்கமாம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

காரணம் உடனே தெரிந்தது. சனிக்கிழமை ஏழு மையங்களின் தரவுத்தளங்களிலும் எடைக் கட்டத்தை முழு எண்ணிலிருந்து தசம எண்ணுக்கு மாற்றினோம். ஒவ்வொரு மையத்துக்கும் தனித் தரவுத்தளம். ஒவ்வொன்றிலும் கையால் ஒரு கட்டளை வரி ஓட்ட வேண்டும். வெள்ளகோவிலில் மட்டும் ஓடவில்லை. திரை புள்ளியை வாங்கிக்கொள்கிறது, அடியில் இருக்கும் அட்டவணை சத்தமில்லாமல் உதறிவிடுகிறது.

சரிசெய்ய இரண்டு நிமிடம்.

நவ. 11, செவ்வாய்

மழை விட்டது. வெயில் இல்லை.

பத்து மணிக்கு கந்தசாமி சார் மீட்டிங் போட்டார். எங்கள் முதலாளி. கத்துகிறவர் இல்லை. அதுதான் கஷ்டம். மையங்களை நடத்தும் டாக்டரம்மா நேற்று அவரிடம் ஒரே வாக்கியம்தான் சொன்னாராம்: இன்னொரு தடவை நடந்தால் வேறு சாஃப்ட்வேர்.

சுவரில் ஒட்டியிருந்த சனிக்கிழமைப் பட்டியலைப் பார்த்தார். வெள்ளகோவில் எதிரே தங்கவேல் பெயர்.

"ஏனுங்க தங்கவேல், ஒரு வரி. அதை ஓட்ட மறந்துபோட்டீங்களா?"

தங்கவேல் என் பக்கத்து நாற்காலி. பதினோரு வருடம் முன்பு ஒரே நாளில் சேர்ந்தோம். தலையைக் குனிந்துகொண்டார். "இனி ஆகாதுங்க சார்" என்றார்.

இங்கே எழுதிவிடுகிறேன். சனிக்கிழமை நாலு மணிக்கு அவர் மகளுக்குக் கபடிப் போட்டி. "நீங்க கிளம்புங்க, வெள்ளகோவிலை நான் பார்த்துக்கறேன்" என்றது நான். அங்கே கரண்ட் இல்லை. அப்புறம் பார்க்கலாம் என்று ஒரு டீ. அப்புறம் மறந்தேன். அவருக்குத் தெரியும். நானும் வாய் திறக்கவில்லை.

சார் முடிவு: இனி கையால் ஒரு வரிகூட ஓட்டக்கூடாது. மாற்றங்களை நிர்வகிக்க, யாரோ எழுதி எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட ஓப்பன் சோர்ஸ் கருவி ஒன்றை நானும் தங்கவேலும் தேர்ந்தெடுக்க வேண்டும். மையங்களுக்கு விடுமுறை ஞாயிறுதான். அன்றே ஏழிலும் போட வேண்டும்.

மதியம் டப்பாவைத் தள்ளிவைத்தேன். என் தக்காளி சாதத்தைத் தங்கவேல் சாப்பிட்டார். நன்றாக இருந்தது என்றார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

நவ. 12, புதன்

நல்ல வெயில். துணி காய்ந்தது.

நாள் முழுக்கக் கருவிகள். எல்லாம் ஒரே காரியத்துக்குத்தான்: எந்த மாற்றம் எந்தத் தரவுத்தளத்தில் ஓடியது, எதில் ஓடவில்லை என்று தாமே குறித்துவைத்துக்கொள்வது. அதை ஒவ்வொருவர் எப்படி யோசித்திருக்கிறார்கள் என்பதுதான் அழகு. பிரித்துக்கொண்டோம்.

ஃப்ளைவே (தங். பார்த்தது). கோப்புக்கு எண் போட்டு வைத்தால் வரிசையாக ஓட்டும். தரவுத்தளத்தின் சொந்த மொழியான எஸ்.க்யூ.எல். போதும். பத்து நிமிடத்தில் ஓடிவிட்டது. ஓடி முடிந்த கோப்பில் பிறகு யாராவது கைவைத்தால் கண்டுபிடித்து நின்றுவிடுகிறது. தங். வேண்டுமென்றே, எதையும் மாற்றாத ஒரு கமென்ட் வரி சேர்த்துப் பார்த்தார். நின்றது. "பார்த்தீங்களா, என்னையவே நம்பல!" மகிழ்ச்சியாகச் சொன்னார். ஓட்டியதைத் திருப்பும் வசதி இலவசப் பதிப்பில் இல்லை.

லிக்விபேஸ் (நான்). பெரிய வீடு, நிறைய அறைகள். எக்ஸ்.எம்.எல்., யாமல், எஸ்.க்யூ.எல். எதில் வேண்டுமானாலும் எழுதலாம். திருப்பலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஓட்டாமல் பூட்டு. இரண்டு தரவுத்தளங்களைப் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைப் பட்டியலிடும். அந்தப் பட்டியல் வந்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உரிமத்தை மட்டும் நிதானமாகப் படிக்க வேண்டும், பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது.

டிபிமேட் (தங்.). ஒரே சின்னக் கோப்பு, அவ்வளவுதான் நிறுவுவது. போகும் வழியும் திரும்பும் வழியும் ஒரே இடத்தில். "டிபன் பாக்ஸ் மாதிரி இருக்குதுங்க" என்றார்.

ஸ்க்விட்ச் (நான்). பெயரை எப்படி உச்சரிப்பது என்று கால் மணி நேரம் சண்டை. நிறுவப் பாதி நாள் போனது, அதில் எரிச்சல். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று கோப்புகள் வைக்கிறது. ஒன்று செய்ய. ஒன்று திருப்ப. மூன்றாவது, செய்தது சரியா என்று பார்க்க. மூன்றாவதில் என்ன பார்க்க வேண்டும் என்பதை நாம்தான் எழுத வேண்டும். அது தோற்றால் மாற்றத்தைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும்படி வைக்கலாம்.

சோதனைப் பிரதியில் எடைக் கட்டத்தை வேண்டுமென்றே முழு எண்ணாகவே விட்டேன். மூன்றாவது கோப்பில், 46.4 எழுது, திரும்பப் படி, வேறாக இருந்தால் நிறுத்து. ஓட்டினேன். நிறுத்தியது. பழைய நிலைக்குத் திருப்பி வைத்துவிட்டு ஒரு வரியில் சொன்னது.

சிஸ்டர் வளர்மதி திங்கட்கிழமை காலையில் செய்தது இதேதான்.

யாரோ, எங்கோ, சம்பளம் இல்லாமல் உட்கார்ந்து, முகம் தெரியாத ஒருவர் மறந்துவிடுவார் என்று முன்கூட்டியே நினைத்து இதை எழுதியிருக்கிறார்கள். மறப்பதைக் குற்றமாக நினைக்காமல் எழுதியிருக்கிறார்கள். படிக்கப் படிக்க மரியாதை கூடியது. வெட்கமும்.

நவ. 13, வியாழன்

மூட்டம். காலையில் சாரின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே. வெள்ளகோவில் என்னுடையது, தங்கவேல் இல்லை.

பேனா மூடியைத் திருகி மூடினார்.

"அவரை எல்லார் முன்னாடியும்தானுங்க கேட்டுப்போட்டேன். நீங்களும் எல்லார் முன்னாடியுமே சொல்லிப்போடுங்க."

சொன்னேன். பதினான்கு பேர். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. யாரோ ஃபேன் வேகத்தைக் கூட்டினார்கள். சார் எழுந்து தங்கவேலிடம், "தப்பா நெனச்சுப்போட்டேனுங்க" என்றார். அவர் பதிலுக்கு என்னமோ முனகினார்.

பிறகு, நாற்காலியில், நான் கேட்டேன்:

"எதுக்குங்க அன்னிக்குச் சும்மா இருந்தீங்க?"

"நீங்க சொல்லுவீங்கன்னு தெரியுமுங்க. எப்பன்னுதான் தெரியல." ஃப்ளைவே ஜன்னலைத் திறந்தார். "ரெண்டு நாள் ஆயிப்போச்சு. பரவால்லீங்க."

ரெண்டு நாள். எண்ணி வைத்திருக்கிறார்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். கடைக்கு வந்த பட்டன் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தவர், "அவங்க கேட்டாங்களா, நீயாப் போய்ச் சொன்னியா?" என்றார். நானாக என்றேன். "அப்பச் சரி" என்று மறுபடி பட்டன்களுக்குத் திரும்பிவிட்டார்.

நவ. 14, வெள்ளி

சிங்காநல்லூரில் கரூர் பஸ். பல்லடம் தாண்டியதும் வெயில் சுளீர். காங்கேயத்தில் ஒரு இளநீர். வெள்ளகோவில் 11.30.

பதினோரு வருடத்தில் நான் ஒரு மையத்தையும் நேரில் பார்த்ததில்லை. ஆறு படுக்கைகள். மிஷின்களின் சீரான சத்தம். சிஸ்டர் வளர்மதி நான் நினைத்ததைவிடக் குள்ளம். ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எனக்கு நாற்காலி இழுத்துப்போட்டார்.

மன்னிப்புக் கேட்டேன். மூன்றாவது படுக்கையைக் காட்டினார். "அவங்ககிட்டச் சொல்லுங்க."

மரகதம் அம்மா. எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கிறார். ஐம்பது வயது இருக்கும். நடந்ததை முழுக்கக் கேட்டார்.

"அந்தப் புள்ளி நாலு ரெண்டு டம்ளர் தண்ணிங்க கண்ணு. டாக்டர் சொன்ன அளவுல நான் அரை நாளைக்குக் குடிக்கறது."

குரலில் கோபம் இல்லை. "செக்குல எண்ணெய் வாங்கிட்டுப் போங்க" என்றார் கிளம்பும்போது.

சிஸ்டரிடம் மூன்றாவது கோப்பைத் தமிழில் படித்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு மாத்திரைப் பட்டையை வெட்டினார்.

"ஒரு எண்ணை மட்டும் பார்த்தாப் பத்தாதுங்க. நூறுக்கு மேல இருக்கற ஆளுங்க இருக்காங்க. நூத்திரண்டு புள்ளி அஞ்சும் போட்டுப் பாருங்க. அப்புறம் ஒண்ணுமே போடாம உட்டாலும் சும்மா வாங்கிக்கக் கூடாதுங்க."

மூன்று சோதனைகளையும் அங்கேயே உட்கார்ந்து எழுதி ஓட்டினேன். மூன்றாவது தோற்றது. வெற்றுக் கட்டத்தையும் எங்கள் அட்டவணை இத்தனை நாளும் வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பதினோரு வருடமாக ஒரு மென்பொருள்காரிக்கும் தோன்றாதது.

பஸ்ஸில் முடிவு செய்தேன்: ஸ்க்விட்ச். தங்கவேலுக்குப் போன். "எனக்கு ஃப்ளைவேதானுங்க புடிக்குது. ஆனா மூணாவது ஃபைலுக்கு நான் தோத்துட்டேன்."

நல்லெண்ணெய் ஒரு லிட்டர்.

நவ. 16, ஞாயிறு

லேசான குளிர். ஆபீஸில் நாங்கள் இருவர் மட்டும், எட்டு மணிக்கே. சார் பத்து மணிக்கு இட்லியோடு வந்தார்.

புதுக் கருவியில் ஏற்றும் முன் ஏழு தரவுத்தளங்களும் ஒரே மாதிரி இருப்பது உறுதியாக வேண்டும். ஒப்பிட லிக்விபேஸ். ஒரு வேலைக்கு ஒரு கருவி, இன்னொன்றுக்கு இன்னொன்று என இரவல் வாங்குவதில் வெட்கமில்லை. ஆறு மையங்கள் அச்சு அசல். வெள்ளகோவில், கிணத்துக்கடவு எல்லாம் சுத்தம்.

அன்னூரில் மட்டும் கூடுதலாக ஒரு கட்டம். பெயர்: கடைசி_பஸ்.

தங்கவேல் காது வரை சிவந்துபோனார்.

"அதுங்களா... அது நான் போட்டதுங்க. ரெண்டு மூணு வருசம் இருக்கும்."

அன்னூரில் சாயங்கால ஷிஃப்டுக்குச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வருகிறார்கள். முடிந்து வெளியே வருவதற்குள் சிலருக்குக் கடைசி பஸ் போய்விடும். நாலு மணி நேரம் மிஷினில் கிடந்த உடம்போடு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கிருக்கும் சிஸ்டர் தங்கவேலிடம் கேட்டிருக்கிறார். அவர் கையால் ஒரு வரி ஓட்டி, பஸ் நேரத்துக்கு ஒரு கட்டம் சேர்த்து, யாருக்குச் சீக்கிரம் பஸ்ஸோ அவர் பெயர் மேலே வருமாறு செய்துவிட்டார். அவரை முதலில் மிஷினில் போடுவார்கள். யாரிடமும் சொல்லவில்லை.

"ஒரே ஊருக்குத்தானேன்னு உட்டுப்போட்டேனுங்க."

சார் இட்லியைக் கீழே வைத்தார். கையால் ஓட்டாதே என்று சொன்னவர் முகத்தில் என்ன வருமென்று பார்த்தேன். சிரிப்பு வந்தது.

"அன்னூருக்கு மட்டும் ஏனுங்க? மத்த ஊர்லயும் பஸ் போகுதுல்ல?"

ஏற்றினோம். முதலில் இருப்பதை அப்படியே பதிந்தோம். பிறகு வெற்று எடையை வாங்காத மாற்றம். பிறகு கடைசி_பஸ், மற்ற ஆறுக்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று கோப்பு. பஸ் கோப்பில் எழுதியவர் பெயர் தங்கவேல், குறிப்பில்: கேட்டவர் அன்னூர் சிஸ்டர். எடைக் கோப்பில்: கேட்டவர் சிஸ்டர் வளர்மதி. யார், எப்போது, எதற்கு என்று கருவி ஏழு ஊரிலும் எழுதிவைத்துக்கொண்டது. 12.40-க்கு ஏழும் சரி என்று வந்தது. தங். திரையைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினார். அவளுக்கு என்ன புரியும் என்றேன். "ஏழுக்கு ஏழுன்னா புரியுமுங்க."

நவ. 18, செவ்வாய்

மறுபடி மழை. குடைக் கம்பி இன்னும் மாற்றவில்லை.

மையங்களில் புதுக் கட்டத்தை நிரப்பத் தொடங்கிவிட்டார்கள். நாங்கள் சொல்லக்கூட இல்லை. காலையிலிருந்து பஸ் நேரங்கள் வந்து விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம், கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல். 8.10. 8.35. 8.35. 9.05.

மூன்று மணிக்குக் கிணத்துக்கடவு சிஸ்டர் போனில்:

"ஏனுங்க, இங்க ஒருத்தருக்கு பஸ்ஸே இல்லீங்க. தென்னந்தோப்புக்குள்ள ஊடு. சம்சாரம் மொபெட்ல வந்து கூட்டிட்டுப் போவாங்க, அதும் இருட்டறதுக்குள்ள. அதை எங்கீங்க போடறது?"

நேரம் மட்டும்தான் அந்தக் கட்டம் வாங்கும். தங்கவேலைப் பார்த்தேன். பழைய பழக்கத்தில் அவர் கை கீபோர்டுக்குப் போய், பாதியில் நின்று, தானாகவே திரும்பி வந்தது.

"புதுசா ஒரு மாற்றங்க. மூணு ஃபைல்."

திறந்துவிட்டோம். பெயர் வைக்க வேண்டும். நான் 'அழைத்துச்செல்பவர்' என்கிறேன். அவர் 'யார்_வருவாங்க' என்கிறார். அதுவே இருக்கட்டும்.