நீலம் பாய்ந்த டிஸ்க்

ஆகஸ்ட் 9, செவ்வாய்

பன்னிரண்டு பாட்டில் தக்காளி போட்டு மூடியாயிற்று. மாலையில் டாய்லுடன் அவனுடைய பழைய செவெல் காரில் ஊருக்குள் போய்வந்தேன். திரும்பும்போது பக்ஹார்ன் மலை இறக்கத்தில் அவன் பிரேக் பிடித்த ஒவ்வொரு முறையும் கார் உதறியது. என் பக்கத்துக் கதவுக் கைப்பிடி தடதடவென்று அடித்துக்கொண்டது.

"டாய்ல், உதறுது."

"டயர் பேலன்ஸ் போயிருக்கும்."

"டயர்னா எப்பவும் உதறணும். நீ மிதிக்கிறப்ப மட்டும்தான் உதறுது."

"பெடல்ல ஒண்ணும் தெரியலையே. என் கார் எனக்குத் தெரியாதா?"

வீட்டு வாசலில் சாவியைக் கேட்டேன். எழுபதாம் வருடத்து வண்டி, இருபத்திரண்டு வயதில் அவன் வாங்கியது. நாற்பத்தோரு வருடக் கல்யாணத்தில் நான் அதை ஓட்டியது நாலு தடவை இருக்கும். முகத்தைச் சுளித்துக்கொண்டே கொடுத்தான். தெருமுனை வரை போய் மிதித்தேன். பெடல் என் காலை எதிர்த்து உதைத்தது.

இது எப்படி ஒருவனுக்குத் தெரியாமல் போகும்?

ஆகஸ்ட் 10, புதன்

டாய்ல் மீன்பிடிக்கப் போன நேரத்தில் ஜாக்கி போட்டு முன்சக்கரம் இரண்டையும் கழற்றினேன். பேரிங் ஆலையில் முப்பத்தோரு வருடம் அளவு பார்த்தவள் நான். மைக்ரோமீட்டர் இன்னும் துணி சுற்றி அலமாரியில்தான் இருக்கிறது.

இதற்குக் கீழே தேயக்கூடாது என்று பிரேக் டிஸ்க்கிலேயே ஓர் அளவு வார்த்திருக்கும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றை ஆலையில் புள்ளி என்போம். இடது டிஸ்க் அந்த அளவுக்கும் இருபத்துநாலு புள்ளி கீழே. வலது பதினெட்டு. டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் முள் பதினொரு புள்ளி ஆடுகிறது. ஐந்து தாண்டினாலே தப்பு. லேத்தில் கொடுத்து இரண்டு முறையாவது வழித்திருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வந்ததும் சொன்னேன். "சரி, புதுசே போட்டுடலாம், இன்ஸ்பெக்டரம்மா" என்று உடனே ஒத்துக்கொண்டான். நம்ப முடியவில்லை. பிறகு பார்த்தால் கேட்லாக்கில் ஏற்கெனவே பக்கம் மடித்து வைத்திருக்கிறான்.

ஆகஸ்ட் 13, சனி

ஹோபர்ட் காலைச் சாப்பாட்டுக்கு வந்தான். கார் சங்கத்துக்கு அவன்தான் தலைவன். செப்டம்பர் 24 அன்று பதினொரு கார்கள் வரிசையாகப் பக்ஹார்னில் ஏறி, அந்தப் பக்கம் ஆறு மைல் இறங்கும். வருடாவருடம் நடப்பது.

பிஸ்கட் ரொட்டியும் கிரேவியும் ஆறிப்போனது, பேச்சு ஆறவில்லை.

"பதிமூணு அங்குல டிஸ்க், முகம் முழுக்க ஓட்டை போட்டது. சக்கர இடுக்குல பார்த்தா எப்படி மின்னும் தெரியுமா!" என்றான் டாய்ல்.

"அது உன் சக்கரத்துக்குள்ள நுழையாது. சக்கரத்தையே மாத்தணும்" என்றேன்.

"பதினொண்ணுலயும் ஓட்டை போட்டது வருதே, அர்லீன். சூடு வெளிய போகும்ல?" இது ஹோபர்ட்.

"சூடு போறதுக்குத்தான் ரெண்டு முகத்துக்கும் நடுவுல இடைவெளி விட்டிருக்கான். நம்மளது மலை. ஆறு மைல் சூட்டை வாங்கித் தாங்குறதுக்கு இரும்பு வேணும். நீங்க அதைத் தோண்டி எடுக்கச் சொல்றீங்க. கீறல் விழுந்தா ஓட்டை ஓரத்துலதான் முதல்ல விழும். எனக்கு ஓட்டையில்லாத வெறும் தட்டு போதும்."

"இவளைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் மோதிரத்தை அளந்துதான் பார்ப்பா" என்றான் ஹோபர்ட். இரண்டு பேரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள்.

"சரி, உன் இஷ்டமே இருக்கட்டும்" என்றான் டாய்ல். "ஏதாவது ஆச்சுன்னா உன் தலைமேலதான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 16, செவ்வாய்

உதிரிபாகக் கடை. கவுன்டரில் இருந்தவனிடம் இருக்கிற டிஸ்க் பெட்டிகளையெல்லாம் இறக்கச் சொல்லி, அங்கேயே மைக்ரோமீட்டரை எடுத்தேன். முதலில் பல்லைக் காட்டினான். மூன்று பெட்டிகளில் தடிமன் ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய என்று காட்டியதும் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து அவனும் குனிந்து பார்த்தான். ஆறு பெட்டியில் இரண்டு தேறியது. அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 20, சனி

மாட்டிவிட்டோம். எங்கள் வண்டியில் ஹப்பும் டிஸ்க்கும் ஒரே வார்ப்பு, அதனால் பேரிங்குக்குப் புது கிரீஸ், புது சீல், நட் கழலாமல் பூட்டுகிற ஸ்பிளிட் பின் கம்பியும் புதுசு. பின்னின் வாலை டாய்ல் கட்டரால் நறுக்கினான். துண்டுகள் கராஜ் தரையெல்லாம் தெறித்தன. டயல் கேஜ் முள் இரண்டு புள்ளிதான் ஆடியது. ஆட்டுவேன் என்று அடம்பிடித்தாலும் அவ்வளவுதான்!

காலியான சாலையில் பத்து முறை வேகமெடுத்து மெல்ல நிறுத்தி, டிஸ்க்கைக் கவ்வுகிற பிரேக் பேடைப் பழக்கினேன். உதறல் போயே போய்விட்டது.

ஆகஸ்ட் 21, ஞாயிறு

தேவாலயத்துக்குச் செவெல்லில் போனோம். ஓட்டிக்கொண்டே டாய்ல் விசிலடித்தான்.

செப்டம்பர் 3, சனி

எழுத்து கோணலாகப் போகிறது.

ஒத்திகைக்காக டாய்லும் நானும் மட்டும் பக்ஹார்ன் ஏறி இறங்கினோம். மூன்றாவது மைலில் ஒரு தீய்ந்த வாடை. அடுப்பில் மறந்துபோன பாத்திரம் மாதிரி. சொல்ல வாயெடுப்பதற்குள் அவன், "அர்லீன், பெடல் கீழ போகுது" என்றான்.

மிதிக்கிறான். தரையைத் தொடுகிறது. விட்டு விட்டு மிதிக்கிறான் — கொஞ்சம் பிடிக்கிறது — மறுபடி இல்லை. எதிரே வளைவு. இடது பக்கம் பாறை, வலது பக்கம் ஒன்றுமே இல்லை, மர உச்சிகள் மட்டும்.

"கியரை இறக்கு! கியரை இறக்குடா!"

இறக்கினான். இஞ்சின் அலறியது. பார்க்கிங் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தான். அந்த வளைவில் எப்படித் திரும்பினோம் என்று எனக்குத் தெரியாது, கண்ணை மூடியிருந்தேன். அடுத்த வளைவில் சரளைக் கல் போட்ட ஒதுங்குமிடம் வந்தது. உள்ளே விட்டு நிறுத்தினான். இரண்டு முன்சக்கரத்திலிருந்தும் புகை.

பிறகு ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே சொன்னான்:

"வெறும் தட்டு போதும்னியே."

செப்டம்பர் 4, ஞாயிறு

சக்கரத்தைக் கழற்றினேன். இரண்டு டிஸ்க்கும் நீலம். மயில் கழுத்து மாதிரி, வட்டம் முழுக்க. பேட் கண்ணாடியாய்ப் பளபளக்கிறது. பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது, அதனால்தான் பெடல் போயிருக்கிறது.

மூன்று மைலில் இவ்வளவு சூடா?

ஹோபர்ட் வந்து பார்த்துவிட்டு, "உன்னைக் குத்தம் சொல்லல, அர்லீன். ஆனா நாங்க சொன்னோம்ல" என்றான். குற்றம் சொல்லாதவன் எதற்கு அந்த "ஆனா"?

நான்தான் தப்பாகத் தேர்ந்தெடுத்தேனா? முப்பத்தோரு வருடம் என் கையெழுத்துப் போட்டு எத்தனை லட்சம் பேரிங் வெளியே போயிருக்கும். வீட்டுக்காரனை உட்காரவைக்கிற வண்டியில் தப்பு விட்டேனா?

செப்டம்பர் 7, புதன்

மூன்று நாளாக ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன். பேடை அழுத்துகிற காலிப்பர் பிஸ்டன் இறுகியிருந்தால் பிரேக் விடாது — இறுகவில்லை, விரலால் தள்ளினாலே உள்ளே போகிறது. ரப்பர் குழாய் உள்ளுக்குள் வீங்கியிருந்தாலும் விடாது — அறுத்தே பார்த்தேன், சுத்தம். மாஸ்டர் சிலிண்டர் கம்பிக்கும் பெடலுக்கும் இடைவெளி சரி. புதுக் குழாயும் புது ஆயிலும் போட்டு, டிஸ்க்கைத் தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டினேன். சக்கரத்தைக் கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்றுகிறது.

எதிலும் தப்பில்லை. ஆனால் டிஸ்க் நீலம்.

பிரேக் தானாகப் பிடிக்கவில்லை என்றால் யாரோ பிடித்திருக்க வேண்டும். இதை எழுதிவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.

செப்டம்பர் 10, சனி

தீவனக் கடை வரைக்கும் பெரிய இறக்கம் இல்லை, மெதுவாகப் போ, நான் பிக்கப் வண்டியில் பின்னால் வந்து சக்கரத்தைப் பார்க்கிறேன் என்றேன். சக்கரத்தைப் பார்க்கப் போகவில்லை.

எங்கள் வேலியைத் தாண்டியதும் அவன் பிரேக் விளக்கு எரிந்தது. சரி, திருப்பம். திருப்பம் முடிந்தது. எரிகிறது. நேர்ச் சாலை. எரிகிறது. மேட்டில் ஏறுகிறான் — மேட்டில்! — சிவப்பாக இரண்டு விளக்கும் எரிந்துகொண்டே இருக்கிறது. நாலு மைல். எங்கேயோ ஒரு முறை அணைந்து மறுபடி எரிந்தது.

டாய்ல் வாலிபத்தில் கால் மைல் பந்தயம் ஓட்டியவன். ஆட்டோமேட்டிக் வண்டி, கிளட்ச் இல்லை. ஆக்சிலேட்டருக்கு வலது கால், பிரேக்குக்கு இடது கால் என்று அன்றைக்கே பழகிவிட்டான்.

கடை வாசலில் அவன் ஜன்னலுக்குப் போனேன்.

"டாய்ல், வழி முழுக்க பிரேக் மேல காலை வச்சுட்டே வந்த."

"வைக்கல."

"விளக்கு எரிஞ்சுது. கண்ணால பார்த்தேன்."

"வைக்கலன்னு சொல்றேன்ல! ஸ்விட்ச் கெட்டிருக்கும். உன் தட்டு சரியில்லன்னு ஒத்துக்க மனசு வரல உனக்கு, அதான் என் கால் மேல பழி போடுற."

கத்தினான். மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அவமானமாக இல்லை. அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியும். இது அது இல்லை. கால் பெடல் மேல் இல்லை என்று அவன் நிஜமாகவே நம்புகிறான்.



செப்டம்பர் 12, திங்கள்

துணி துவைக்க எடுத்தேன். டாய்லின் இடது காலுறையில் ரத்தம், காய்ந்து கறுத்து. கராஜ் பூட்ஸுக்குள் கையை விட்டேன். ஸ்பிளிட் பின் துண்டு ஒன்று அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது. எத்தனை நாளாகவோ.

காலைக் காட்டச் சொன்னேன். பெருவிரலுக்குக் கீழே ஓட்டை, சுற்றிலும் வீக்கம், சீழ். நான் அமுக்கிப் பார்க்கிறேன், அவன் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"வலிக்கலையா?"

"எது?"

இரும்புத் துண்டை அவன் உள்ளங்கையில் வைத்தேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தான். டிவியை அணைத்தான்.

"எவ்வளவு நாளா இப்படி, டாய்ல்?"

"போன குளிர்காலத்துலேர்ந்து கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கு. சொன்னா காரை எடுத்துருவாங்கன்னு..."

ஆறு வருடமாகச் சர்க்கரை. மாத்திரை போடுகிறேன், எல்லாம் சரி என்பான். நானும் விட்டுவிட்டேன். இரும்பை அவ்வளவு அளந்தேனே.

செப்டம்பர் 14, புதன்

டாக்டர் விட்லி புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். இரண்டு வாரம் போயிருந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

பிறகு டாய்லைக் கண்ணை மூடச் சொன்னார். நைலான் இழை ஒன்றால் பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொடுவாராம், தெரியும்போது சொல்ல வேண்டும். இடது காலில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து இடம் தொட்டுவிட்டார். டாய்ல் கண்ணை மூடியபடியே, "நான் ரெடி, டாக்டர். ஆரம்பிங்க" என்றான்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பத்தில் இரண்டு இடம்தான் தெரிந்தது. வலது காலில் ஆறு. கால் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் வண்டி ஓட்டக்கூடாது, எந்த வண்டியும், என்றார். டாய்ல் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

செப்டம்பர் 16, வெள்ளி

கராஜில், செவெல்லின் உள்ளே, கதவைத் திறந்து வைத்தபடி உட்கார்ந்திருக்கிறான். சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை. அவித்த பீன்ஸையும் சோளரொட்டியையும் அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 19, திங்கள்

சமையலறையில் இருந்தபோது ஹாலில் அவன் போன் பேசுவது காதில் விழுந்தது.

"டிஸ்க்ல தப்பில்ல, ஹோபர்ட். என் கால்ல தப்பு... ஆமா... இல்ல, காரை விக்கல. அர்லீன் சொன்னது சரி. அவ கிட்ட நீயும் ஒரு வார்த்தை சொல்லிடு."

போனை வைத்துவிட்டுக் கதவருகே வந்து நின்றான்.

"நீலம் பாய்ஞ்சதை மறுபடி நம்பக்கூடாது. கடைக்குப் போலாம். நீயே அளந்து எடு."

"ஓட்டை போட்டதா?"

"சும்மா இரு, அர்லீன்."

செப்டம்பர் 22, வியாழன்

புது டிஸ்க் மாட்டியாயிற்று. டாய்ல் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டுக்கும் என்னைத் திட்டினான். சங்கத்துப் படிவத்தில், ஓட்டுபவர் என்ற இடத்தில், என் பெயரை அவனே எழுதினான். எழுத எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான் பார்க்கவில்லை.

செப்டம்பர் 24, சனி

காலையில் பனிமூட்டம், பத்து மணிக்கு விலகியது. பதினொரு கார்களில் நாங்கள் ஏழாவது. உச்சியிலிருந்து கியரை இறக்கிவைத்து, வளைவுக்கு முன்னால் மட்டும் பிடித்து, பிடித்து விட்டேன். பெடல் கடைசி வரை ஒரே உயரத்தில் நின்றது. கீழே போய் இறங்கிச் சக்கரத்துக்கருகே கையை வைத்துப் பார்த்தேன். சூடு இருந்தது, இருக்க வேண்டிய அளவு.

இறங்கிய ஆறு மைலும் ஒவ்வொரு வளைவு வரும்போதும் டாய்லின் இடது கால், கட்டுப் போட்ட கால், எதிரே தரைவிரிப்பை அழுத்தி மிதித்தது. வளைவு முடிந்த பிறகும் எடுக்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்காது.

கடைசி வளைவைத் தாண்டியதும் அவன் முழங்காலில் கை வைத்தேன். "விடு, நான் பிடிச்சிருக்கேன்" என்றேன்.

குனிந்து பார்த்தான். காலை எடுத்துக்கொண்டான்.